மீனைக் காட்டும் எதிரொலி

கிணற்றிலோ குளத்திலோ முங்கு நீச்சல் பழகியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். நீருக்குள் மூழ்கியிருக்கும்போது, கரையில் நின்று ஒருவர் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் காதில் சரியாக விழாது. ஆனால் நீருக்குள்ளேயே மற்றொருவர் இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால், அந்த ஓசை காதருகில் எழுந்ததுபோலக் கணீரென்று கேட்கும். இது ஏன் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நீர் ஒலியைத் தடுப்பதில்லை. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. தடை இருப்பது காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில்தான். காற்றிலிருந்து நேராக நீர்ப்பரப்பின்மேல் விழும் ஒலியாற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழைகிறது; எஞ்சியது திரும்பிவிடுகிறது. நீருக்குள்ளிருந்து காற்றை நோக்கி வரும் ஒலிக்கும் இதே கதிதான். சுருங்கச் சொன்னால், நீருக்குள் செல்லும் ஒலிக்குக் காற்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

கயாக் என்பது, ஒருவர் அமர்ந்து இருமுனைத் துடுப்பால் வலித்துச் செல்லும் ஒடுங்கிய சிறு படகு. வடதுருவப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்கள் சட்டத்தின்மேல் தோல் போர்த்திச் செய்து, வேட்டைக்குப் பயன்படுத்திய படகு அது. இன்று அமெரிக்கா முதலிய நாடுகளில் பிளாஸ்டிக் கயாக்கில் சென்று தூண்டில் போடுவது பலருடைய பொழுதுபோக்கு. அவர்களுள் சிலர், மீன் காணும் கருவியை வாங்கி, அதை வேண்டும்போது மாட்டவும் கழற்றவும் ஏற்ற தாங்கியைத் தாமே செய்துகொள்கின்றனர். அப்படி மாட்டிய கருவியில் ஒன்றும் தெரியாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது விலையுயர்ந்த மின்னணுச் சுற்றை அன்று. தாங்கியில் எங்கோ அடைபட்டுக் கிடக்கும் காற்றைத்தான். இந்தக் காற்றின் கதையே மீன் காணும் கருவியின் வரலாறும் ஆகும். அதைச் சற்றுப் பார்ப்போம்.

ஜெனீவா ஏரியில் ஒலித்த மணி

1826ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கொலாடன் என்ற இளைஞர், கணித அறிஞர் ஸ்டுர்முடன் சேர்ந்து நீரில் ஒலியின் வேகத்தை அளக்க முற்பட்டார். ஜெனீவா ஏரியில் ஒரு படகிலிருந்து ஒரு மணியை நீருக்குள் தொங்கவிட்டனர். மணியை அடிக்கும் அதே கணத்தில் படகின்மேல் வெடிமருந்து பளிச்சென எரியும்படி ஏற்பாடு செய்தனர். 13 கிலோமீட்டருக்கும் அப்பால், இன்னொரு படகில், கீழ்முனையை நீருக்குள் அமிழ்த்திய நீண்ட குழாயில் காதை வைத்துக் கொலாடன் காத்திருந்தார். ஒளியைக் கண்டதற்கும் மணியோசை கேட்டதற்கும் இடையே சுமார் 9.4 வினாடி கழிந்தது. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸ். கிடைத்த வேகம் வினாடிக்கு 1,435 மீட்டர். இன்றைய அளவீட்டிலிருந்து இது மிகச் சிறிதே வேறுபடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மணியும் நீருக்குள் இருந்தது. கேட்கும் குழாயின் முனையும் நீருக்குள் இருந்தது. இரண்டிற்கும் இடையே காற்று குறுக்கிடவில்லை. சோதனையின் வெற்றிக்கு அதுவே அடிப்படை.

பனிப்பாறையைத் தேடியவர்கள்

வேகம் தெரிந்துவிட்டால், எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம். எனினும் இது நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த ‘சேலஞ்சர்’ கப்பல்கூடக் கயிற்றில் எடை கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தது. ஆழ்கடலில் ஒரே ஓர் அளவீட்டிற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

1912 ஏப்ரலில் ‘டைட்டானிக்’ கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1,500 பேர் அளவில் மாண்டனர். கண்ணுக்குத் தெரியாத தடையை ஒலியால் காண முடியாதா என்ற கேள்வி அறிஞர்களை உலுக்கியது. ஜெர்மனியில் அலெக்சாண்டர் பேம் இவ்வழியில் இறங்கி, 1913இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் பணியாற்றிய ஃபெசண்டன், நீருக்குள் வலிமையாக ஒலிக்கும் மின் அதிர்வி ஒன்றை அமைத்தார். 1914 ஏப்ரல் 27 அன்று ‘மயாமி’ என்ற கப்பலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பெற்றார். கடல்தரையிலிருந்தும் எதிரொலி வந்தது.

ஆனால் அந்த ஒலியால் மீனைக் காண இயலாது. அதன் அதிர்வெண் வினாடிக்கு 540 அதிர்வுகளே. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 2.8 மீட்டர் என வரும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளிலிருந்து வலுவான எதிரொலி கிடைக்காது. மீனைக் காண வேண்டுமானால் அலை குறுக வேண்டும். அதற்கு அதிர்வெண் உயர வேண்டும்.

படிகத்தின் உதவி

குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். மாறாக, அவற்றிற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை சுருங்கி விரியும். முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் முயற்சியில், பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் லாங்ஜெவன் இவ்விளைவைப் பயன்படுத்தினார். எஃகுத் தகடுகளுக்கிடையே குவார்ட்ஸ் துண்டுகளைப் பதித்து, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை நீருக்குள் செலுத்தினார். 1918இல் நீர்மூழ்கியிடமிருந்து எதிரொலியும் பெற்றார். மின்னாற்றலை ஒலியாகவும், ஒலியை மீண்டும் மின்னாற்றலாகவும் மாற்றும் இத்தகைய அமைப்பே டிரான்ஸ்டியூசர். இனி இதை ‘மாற்றி’ என்றே சொல்வோம்.

போருக்குப் பின் எதிரொலி ஆழமானிகள் பரவின. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கை ஆராய்ந்த ஜெர்மானியக் கப்பல் ‘மீட்டியோர்’ 67,000க்கும் மேற்பட்ட ஆழங்களை அளந்தது. கயிற்றால் அளந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் இது எத்தகைய பாய்ச்சல் என்பது விளங்கும்.

மீன்கள் அகப்பட்டன

ஆழமானிகளில் சில வேளை கடல்தரைக்கு மேலேயும் எதிரொலிகள் தோன்றின. அவை மீன்கூட்டங்களாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. 1929இல் ஜப்பானியர் கிமுரா, மீன் வளர்க்கும் குளம் ஒன்றில் மீயொலிக் கற்றையைச் செலுத்தி, மீன்கள் குறுக்கிடும்போது பெறப்படும் ஒலி மாறுவதைக் காட்டினார். 1935இல் நார்வே அறிஞர் ஆஸ்கர் சுண்ட், ‘நேச்சர்’ இதழில் ஒரு பதிவை வெளியிட்டார். லோஃபோட்டன் தீவுகளருகே முட்டையிடக் கூடும் காட் மீன்கள் – ஈரல் எண்ணெய்க்குப் பெயர்பெற்ற அதே மீன்கள் – தாளில் ஒரு பட்டையாகப் பதிவாகியிருந்தன. சுண்ட் பயன்படுத்தியது 16 கிலோஹெர்ட்ஸ் ஒலி. அதன் அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இக்கதை ஜப்பானின் நாகசாகி மாவட்டத்திற்குச் செல்கிறது. அங்கே குச்சினோட்சு என்ற துறைமுக ஊரில் படகுகளுக்கு மின்வேலை செய்துவந்தவர் கியோடாக்கா ஃபுருனோ. மீன்கூட்டம் இருக்குமிடத்தில் நீர்க்குமிழிகள் எழும் என்று அனுபவம் மிக்க மீனவர் ஒருவர் கூறக் கேட்டார். குமிழி என்பது காற்று. காற்று மீயொலியைத் திருப்பி அனுப்பும். அப்படியானால் மீனிருக்கும் இடத்தை ஒலியால் அறியலாமே என்று சிந்தித்தார். கடற்படை கழித்துவிட்ட ஆழமானிகளை வைத்து அவரும் தம்பியும் சோதனைகள் செய்தனர். 1948இல் மீன்பிடி படகுகளுக்கான மீன் காணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

மீனவர் சொன்ன குமிழிக்கு மிக நெருக்கமான உண்மை ஒன்று மீனின் வயிற்றிலேயே இருக்கிறது. பல மீன்களுக்கு மிதப்பைச் சரிசெய்துகொள்ள உள்ளே ஒரு காற்றுப்பை உண்டு. மீனின் சதை நீரைப் பெரிதும் ஒத்திருப்பதால் ஒலி அதனூடே ஏறக்குறைய தடையின்றிச் சென்றுவிடும். காற்றுப்பையோ கண்ணாடிபோல ஒலியைத் திருப்புகிறது. காட் இன மீன்களின் எதிரொலியில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் காற்றுப்பையிலிருந்தே வருகிறது என்பதை 1980இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காற்றுப்பை இல்லாத அட்லாண்டிக் மேக்கரல் மீனும் சுறாவும் தம் அளவிற்கு மங்கலாகவே தெரியும்.

இக்கருவியால் தீங்கும் நேராமலில்லை. 1960களில், ஒலியால் கூட்டத்தைக் கண்டு, இயந்திரத்தால் பெருவலைகளை இழுத்ததில், நார்வே கடலின் ஹெர்ரிங் மீன்வளம் அப்பத்தாண்டின் இறுதிக்குள் சரிந்தது. அது மீளப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அதே எதிரொலியைக் கொண்டுதான் கடலில் எவ்வளவு மீன் எஞ்சியிருக்கிறது என்றும் கணக்கிடுகின்றனர்.

சிறு படகுக்கு வந்த கருவி

பெரிய கப்பலில் அடித்தளத்தைத் துளைத்து மாற்றியைப் பதிக்கலாம்; மின்சாரத்திற்கும் குறைவில்லை. சிறு படகில் இரண்டுமே இடர். 1940களிலும் 1950களிலும் குவார்ட்ஸைவிடத் திறமையான அழுத்தமின் பீங்கான்கள் உருவாயின. டிரான்சிஸ்டரும் வந்தது. அமெரிக்காவில் கார்ல் லோரன்ஸ் என்பவரும் அவர் மக்களும் 1957இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1959இல் உலர் மின்கலத்தால் இயங்கும் ‘சிறிய பச்சைப் பெட்டி’ வந்தது. தூக்கிச் சென்று எந்தப் படகிலும் வைக்கலாம். 1971இல் டிம் நீமியர் என்ற அமெரிக்க இளைஞர், மேலே அமர்ந்து செலுத்தும் கயாக் வகையை உருவாக்கினார். பின்னாளில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட இவ்வகைக் கயாக்குகள் மீன்பிடிப்போரிடையே பரவின. கருவியும் சிறுத்தது, படகும் சிறுத்தது. மாற்றியை எப்படி நீரோடு இணைப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

வீட்டில் செய்யும் தாங்கி

துளையிடாமல் மாற்றியைப் பொருத்த இரு வழிகள் உண்டு. முதலாவது, அதைப் படகின் உட்புறத்தில் வைத்து, பிளாஸ்டிக் ஊடாகவே ஒலியைச் செலுத்துவது. வியப்பாக இருக்கிறதல்லவா? ஒரு பொருளின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். இப்பெருக்குத்தொகை இரு பொருள்களில் நெருங்கியிருந்தால் ஒலி தடையின்றிக் கடக்கும். நீருக்கும் பாலிஎத்திலீனுக்கும் அது ஓரளவு நெருங்கியிருப்பதால், எல்லையில் திரும்பும் ஆற்றல் 100இல் 5 பங்கிற்கும் குறைவு. எனவே, படகின் உள்தரையில் மெத்தென்ற நுரை வளையம் ஒன்றை ஒட்டி, அதனுள் சிறிது நீர் ஊற்றி, மாற்றியை அதில் அழுத்தி வைத்தால் போதும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். ஆனால் மாற்றியின் அடியில் மெல்லிய காற்றுப்படலம் தங்கிவிட்டால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். உள்ளே நுரை அடைத்த அடித்தளமாக இருந்தாலும் இவ்வழி பயன்படாது; நுரை என்பதே அடைபட்ட காற்றுதானே!

இரண்டாவது, பக்கவாட்டில் தொங்கும் கை. ஒரு மரப்பலகையைப் படகின் விளிம்பில் பிடிப்பானால் இறுக்கி, அதில் பி.வி.சி. குழாய் ஒன்றை ஒரே மரையாணியால், இருபுறமும் ரப்பர் வளையமிட்டுப் பொருத்துகிறார்கள். குழாயின் கீழ்முனையில் மாற்றி. கரையேறும்போது குழாயை மேலே மடக்கலாம். ரப்பரின் உராய்வு மட்டுமே பிடித்திருப்பதால், பாறையில் இடித்தால் குழாய் ஒடியாமல் பின்னே சாயும்.

மாற்றியின் முகம் நீர்மட்டத்திற்குச் சில சென்டிமீட்டர் கீழே, எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். துடுப்பு கலக்கிவிடும் குமிழிகள் அதன் அடியில் வரக் கூடாது. அம்முகம் கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும். அதைக் கரையில் வெறும் படகை வைத்துச் சரிபார்த்துப் பயனில்லை. ஆள் ஏறி அமர்ந்ததும் படகு சற்றுச் சாயும். நீரில் அமர்ந்த பிறகே சரிசெய்ய வேண்டும். கை 15 டிகிரி சாய்ந்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? 10 மீட்டர் ஆழத்தில் கற்றையின் மையம் 2.7 மீட்டர் விலகிவிடும். அடியில் மீன் என்று திரை சொல்லும். தூண்டிலோ வேறிடத்தில் இறங்கும்.

வாசகர்களே, 10 மீட்டர் ஆழத்திற்குப் போய்த் திரும்ப ஒலிக்கு 13 மில்லி வினாடியே ஆகிறது. அந்நேரத்தை அளக்கும் பெட்டியைக் கடையில் வாங்கலாம். அதனுடைய ஒலியை நீரிடம் ஒப்படைக்கும் வேலையோ, தாங்கி செய்பவரின் கையில் இருக்கிறது. நுரை வளையத்தில் நீர் ஊற்றிக் குமிழிகளை விரலால் நீக்குகிறவர், அறிந்தோ அறியாமலோ, ஜெனீவா ஏரியில் கொலாடன் கடைப்பிடித்த விதியையே கடைப்பிடிக்கிறார். அடுத்த முறை நீருக்குள் மூழ்கும்போது இரண்டு கற்களைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். மாற்றியின் அடியில் இருந்தால் கருவியைக் குருடாக்கும் அதே காற்றுதான், மீனின் வயிற்றில் இருந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரட்டும்.