அடிமண் பார்த்து நகரும் செல்கள்

மலருக்குப் பழைய கட்டடம் ஒன்றின் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்ததோ அப்பாவின் கால் கதை.

சர்க்கரை வியாதிக்காரர், காலில் ஆறாத புண். கோரிமேடு ஜிப்மருக்கு மாசக்கணக்கில் கூட்டிப் போனேன். ஒருநாள் கட்டு மாற்றிய டாக்டர் புண்ணின் ஓரத்தைக் காட்டினார். "புதுத்தோல் இங்கிருந்துதான் உள்ளே நகர்ந்து வருது. அடியில அழுகல் இருந்தா நகராது. அதான் சுரண்டி எடுக்கிறோம்." சிவில் படித்தவனுக்கு இது புரியாதா? அடிமண் சரியில்லையென்றால் எதுவும் நிற்காது.

அன்றிலிருந்து தேடிப் படித்தேன். 1914-ல் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன், கரு செல்கள் வெறும் திரவத்தில் நகராமல், சிலந்தி நூல் போன்ற பிடிமானம் கிடைத்தால் அதைப் பற்றி ஊர்வதைக் காட்டினார். 1953-ல் லண்டனில் அபர்குராம்பியும் ஹேஸ்மனும், ஊர்ந்து வரும் செல் இன்னொன்றைத் தொட்டதும் வேகம் குறைவதைக் கண்டார்கள்.

அந்தப் பிடிமானத்தின் கதையில் நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. தோலுக்கு அடியில் இருக்கும் முக்கிய நாரிழைப் புரதம் கொலாஜன். அது முப்புரிக் கயிறாக முறுக்கியிருப்பதை 1954, 55-ல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் தந்த கங்காரு வால் தசைநார்தான் அவர்களுக்கு உதவியது!

1980-ல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழு மெல்லிய சிலிக்கான் ரப்பர் மேல் செல்களை விட்டது. ரப்பர் சுருங்கி மடிந்தது. செல் தரையைப் பிடித்து இழுக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. 2000-ல், கெட்டியான தரையை நோக்கியே அவை நகர்வதும் தெரிந்தது.

கூட்டமாகப் போகும்போது இழுப்பது யார்? முன்வரிசை மட்டும்தான் என்று சிலர் நினைத்திருந்தார்கள். 2009-ல் பார்சிலோனாவின் ட்ரெபாட் குழு விசையை அளந்து பார்த்தது. பல வரிசை பின்னால் இருப்பவையும் இழுக்கின்றன! வில்லியனூர் தேரில் கவர்னர் வடம் தொட்டால் படம் வரும். தேர் நகர்வதென்னவோ பின்னால் பிடிக்கிற நூறு கைகளால்.

அப்பாவின் புண் ஆறிவிட்டது. இந்த வைகாசிக்கு, "தேர் பார்க்கணும்டா" என்கிறார். கூட்டிப் போகிறேன். படிக்கிற காலத்தில் எனக்குப் பின்னால் வடம் பிடித்தவர்கள் நீங்கள்தானே. வாருங்கள், சேர்ந்தே போவோம்.