மூணு மீட்டர் பலகையில் ஒரு மீட்டர் கேஜ்

இந்த எபிசோடை நான் ரெக்கார்ட் பண்றது சென்னையில் என் வாடகை வீட்டு மாடியறையில. மைக்குக்குப் பக்கத்துல ஒரு பலகை இருக்கு. நீளம் 3 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். அது மேல ஒரு ரயில்வே ஸ்டேஷன். பேசும்போது நடுவுல ஒரு சின்ன உர்ர்ர் சத்தம் கேட்டா, உங்க ஹெட்போன் கெட்டுப்போகல. என் ரயில் கிளம்பியிருக்குன்னு அர்த்தம்.

"இந்த வயசுல பொம்மை ரயிலா?"ன்னு வீட்டுக்கு வர்ற எல்லாரும் கேட்கிறாங்க. ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியல. அதனால இன்னைக்கு முழு பதிலையும் சொல்லிடறேன். இதுல மூணு பேரைச் சந்திக்கப் போறீங்க. நடுநடுவே கொஞ்சம் பிரெஞ்சு வரலாறும் வரும்.

என் சொந்த ஊர் பிள்ளைச்சாவடி. புதுச்சேரிக்கு வடக்கே, கடலோரத்துல இருக்கிற மீனவர் ஊர். டவுன்ல பஸ் ஏறினா, கோட்டக்குப்பத்துல தமிழ்நாடு வந்துடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி புதுச்சேரி. துண்டு துண்டாக் கிடந்த பிரெஞ்சு நிலத்தோட எல்லைகள் இன்னைக்கும் அப்படியே இருக்கு. சின்ன வயசுல எனக்கு இது விசித்திரமாவே தெரிஞ்சதில்லை. எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

முதல் ஆள் என் தாத்தா. 1990-களின் நடுவுல, எனக்கு ஏழு வயசு இருக்கும்போது, புதுச்சேரி ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனார். நாங்க எங்கேயும் போகல. ரயில் பார்க்கத்தான் போனோம். விழுப்புரத்திலிருந்து வந்த வண்டி நின்னதும், தாத்தா பிளாட்பாரம் முடியுற இடத்துல இறங்கி, தண்டவாளத்துக்குக் குறுக்கே தன் கையை வச்சு அளந்தார். வலை பின்னுற மனுஷன், அவருக்கு எல்லாமே முழக்கணக்குதான். "ரெண்டு முழம், அதுக்கு மேல நாலு விரல்"னு சொன்னார். "இவ்வளவு ஒல்லியான பாதையிலதான்டா அவ்வளவு பெரிய வண்டி ஓடுது."

தாத்தா கணக்கு கிட்டத்தட்ட சரிதான். ஒரு முழம் சுமார் 45 சென்டிமீட்டர். ரெண்டு முழம் 90. மிச்சத்தை விரல்ல போட்டா, அந்தப் பாதையோட அகலம் வந்துடும்: 1,000 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ்.

இங்க கொஞ்சம் பின்னாடி போகலாம். இந்தியாவில் முதலில் போட்ட பெரிய பாதைகள் எல்லாம் 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. செலவு அதிகம். மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், 1870-ஐ ஒட்டி, கிளைப்பாதைகளுக்குக் குறைந்த செலவில் மீட்டர் கேஜ் போதும் என்று முடிவெடுத்தார்கள். தெற்கில் அந்த மீட்டர் கேஜ்தான் பரவியது. விழுப்புரம் அதில் ஒரு முக்கியச் சந்திப்பு. அங்கிருந்து பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ஒரு கிளை வேண்டும் என்று வணிகர்களும் அரசாங்கமும் விரும்பினார்கள். 1879-ல் அந்தப் பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 38 கிலோமீட்டர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக வந்து, கடலுக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். பிரிட்டிஷ் மண்ணில் தொடங்கி பிரெஞ்சு மண்ணில் முடிகிற ரயில். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வரும்வரை, இந்த வண்டியில் வந்தவர்கள் ஒரு சர்வதேச எல்லையைத்தான் கடந்தார்கள்.

அந்த 1879-ஐ மனசுல வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

இரண்டாவது ஆள், ஒரு சொல்தா தாத்தா. புதுச்சேரிக்காரங்களுக்கு இந்த வார்த்தை தெரியும். பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்துட்டு, பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை அப்படித்தான் சொல்வோம். என் அத்தை வீட்டுக்கு எதிர்வீடு அவரோடது. ஒரு கோடை விடுமுறையில, "தம்பி, இங்க வா"ன்னு கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே வட்டமா வளைஞ்ச தண்டவாளத் துண்டுகள், கறுப்பு எஞ்சின் ஒண்ணு, பச்சை கோச் மூணு. பிரான்ஸ்ல வாங்கினது, ழுவெஃப் கம்பெனி பொருள். 1944-ல தொடங்கின பிரெஞ்சு பொம்மைக் கம்பெனி அது.

தரையிலயே வட்டத்தைக் கோத்து, டிரான்ஸ்பார்மர் குமிழைத் திருப்பினார். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிட்டு நகர்ந்துச்சு. நான் தரையோடு தரையா கன்னத்தை வச்சுப் படுத்துட்டேன். அப்படிப் பார்த்தாதான் அது நிஜமான உயரத்துக்கு வரும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. மாடல் ரயில் பைத்தியம் பிடிச்ச எல்லாரும் இதை ஒரு தடவையாவது செஞ்சிருப்பாங்க.

ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டேன். "தாத்தா, நம்ம வில்லியனூர் ரயில் இல்லையா இதுல?"

அவர் சிரிக்கல. "அதை யாரும் செய்யல தம்பி. வேணும்னா நீதான் செய்யணும்"னார்.

அந்த வாக்கியத்துக்கு முப்பது வருஷமா நான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.

யாரும் ஏன் செய்யல? இதுக்கு மாடல் ரயிலோட வரலாறு தெரியணும். பிரான்ஸில் 1859-ல், மூன்றாம் நெப்போலியன் தன் மூன்று வயது மகனுக்காக செயின்ட் கிளவுட் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு குட்டி ரயில் போட்டுக் கொடுத்தார். சாவி கொடுத்தால் எட்டு வடிவப் பாதையில் ஓடும். மாடல் ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி, லைப்சிக் சந்தையில் அளவு நிர்ணயித்த தண்டவாளங்களோடு வந்தது. இன்றைக்கு ஒரு எஞ்சின், நாளைக்கு ஒரு கோச் என்று வாங்கிச் சேர்க்கும் பழக்கம் அதிலிருந்து வந்தது. 1920-ல் லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி ரயில்களை விற்கத் தொடங்கினார். எல்லாருமே தங்கள் ஊர்க் குழந்தை பார்க்கிற ரயிலைத்தான் செய்தார்கள். லண்டன் பையனுக்கு லண்டன் ரயில். பாரிஸ் பையனுக்கு பாரிஸ் ரயில்.

இந்தியாவுக்கும் மாடல் ரயில் வந்தது, ஆனா அரண்மனைக்கு வந்தது. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில சாப்பாட்டு மேஜை மேல ஒரு வெள்ளி ரயில் ஓடும். விருந்தாளிகளுக்கு மதுவும் சுருட்டும் கொண்டு வரும். மகாராஜாவுக்கு வெள்ளி ரயில் உண்டு, பிள்ளைச்சாவடிப் பையனுக்கு வில்லியனூர் ரயில் கிடையாது. கதை அவ்வளவுதான்.

இப்ப அந்த 1879. தோட்டத்து ரயிலை வச்சு விளையாடின அந்த இளவரசர், ஆட்சி கவிழ்ந்து, குடும்பத்தோட இங்கிலாந்துக்குப் போய், பிரிட்டிஷ் படையோட தென்னாப்பிரிக்கா போனார். ஜூலு போர்ல 1879 ஜூன் 1 அன்னைக்கு இறந்தார். வயசு 23. அதே வருஷம்தான் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு நிஜ ரயில் வந்தது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தெரியும். ஆனா இந்தத் தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

நான் வளர்ந்தேன். 1992-ல் யூனிகேஜ் திட்டம் தொடங்கியிருந்தது. நாடு முழுக்க எல்லாப் பாதையும் அகலப்பாதையாக மாற வேண்டும் என்பது முடிவு. அதற்கு நியாயம் இருந்தது. கேஜ் மாறுகிற ஒவ்வொரு சந்திப்பிலும் மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டும், பயணிகள் வண்டி மாற வேண்டும். 2000-களின் முற்பகுதியில் எங்கள் பாதையும் மாறியது. இன்றைக்குப் புதுச்சேரியில் ஏறி வட இந்தியாவுக்கே நேராகப் போகலாம். நானும் அதில் போகிறவன்தான், குறை சொல்லவில்லை. சென்னையிலும் 1931 முதல் ஓடிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றது.

ஆனா எங்க ஸ்டேஷன்ல பாதை மாறினப்ப நான் காலேஜ்ல சேரப்போற அவசரத்துல இருந்தேன். ஒரு போட்டோ எடுக்கல. ஒரு அளவு எடுக்கல. ரயில் பைத்தியம்னு பேர் வாங்கினவன், ரயில் போனதைக் கவனிக்கல.

வேலைக்கு வந்த பிறகு பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன், 2002-ல திறந்தது. அப்புறம் புனேக்குப் போனேன். அங்க பாவ்சாகேப் ஜோஷின்னு ஒருத்தர் தன் வாழ்நாள் ஆசையை 1998-ல ஒரு மினியேச்சர் ரயில் அருங்காட்சியகமா ஆக்கியிருக்கார். விளக்கை அணைச்சு, குட்டி ஊர்ல ராத்திரி வரவச்சு, ஜன்னல் வெளிச்சத்தோட ரயில்கள் போகும்போது, பெரியவங்க எல்லாரும் வாயைத் திறந்துட்டு நின்னாங்க. அன்னைக்கு ராத்திரி லாட்ஜ்ல உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

நீங்களும் போட்டுப் பாருங்க. உலகத்துல அதிகம் விற்கிற மாடல் அளவு ஹெச்ஓ. நிஜத்தை 87-ஆல் வகுக்கணும். மீட்டர் கேஜ் பாதை பதினொண்ணரை மில்லிமீட்டர் ஆகும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில கிடைக்கும், சுவிட்சர்லாந்து மலை ரயில் செய்றவங்க புண்ணியத்துல. சரி, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரை 38 கிலோமீட்டரையும் 87-ஆல் வகுத்தா? சுமார் 437 மீட்டர். ஒரு தெருவே வேணும். என் பலகை 3 மீட்டர். நிஜத்துல அது வெறும் 261 மீட்டர்.

அப்ப கேள்வி இதுதான்: 38 கிலோமீட்டர்ல எந்த 261 மீட்டரை வச்சுக்கறது? வரலாறு எழுதுறவங்களுக்கும் இதே கேள்விதான்னு நினைக்கிறேன். எல்லாத்தையும் வைக்க இடம் கிடையாது. நான் தாத்தா கை வச்சு அளந்த அந்தக் கடைசி முனையை எடுத்துக்கிட்டேன்.

மூணாவது ஆள், ரயில்வேயில பாதைப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பலகை பாதி முடிஞ்சிருந்தப்ப ஒரு நண்பர் கூட்டிட்டு வந்தார். நான் பெருமையா நின்னேன். அவர் குனிஞ்சு பார்த்துட்டு, "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா இது என்ன, சிமெண்ட் கட்டை போட்டிருக்கீங்க? எங்க காலத்துல இங்க மரமும் இரும்பும்தான். சிமெண்ட் பெரிய லைனோட வந்தது"ன்னார்.

தண்டவாளத்துக்கு அடியில இருக்கிற ஸ்லீப்பர் கட்டை. நான் இன்னைக்கு ஸ்டேஷன்ல பார்க்கிறதை, சின்ன வயசு ஞாபகத்துக்கு அடியில சொருகி வச்சிருக்கேன். அதுவும் எனக்குத் தெரியாமலே. ஞாபகம்னு நான் நம்பினதுல எவ்வளவு நேத்து பார்த்தது, எவ்வளவு நிஜமா அன்னைக்குப் பார்த்தது? நாலு மாச வேலையைப் பெயர்த்து எடுத்தேன். மறுபடி போட்டேன். இந்தத் தடவை அவரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுப் போட்டேன். தண்டவாள இணைப்புகள்ல சின்ன இடைவெளி விடச் சொன்னார். "அது இல்லாட்டி தடக் தடக் எங்கேருந்து வரும்?"

ரயிலை ஓட்டிக் காட்டினேன். தடக், தடக். அவர் கண்ணை மூடிக்கிட்டார்.

தாத்தா இதைப் பார்க்கல. அவர் போன சில வருஷத்துல, பிள்ளைச்சாவடியில அவர் வீடு இருந்த வரிசையைக் கடல் எடுத்துக்கிட்டது. எங்க ஊர்ப் பக்கம் கரை அரிப்பு புதுசில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வரும். அவர் வலை பின்னின திண்ணையோட நீளம் எவ்வளவுன்னு என்னைக் கேட்டா, எனக்குத் தெரியாது. ரயில் பாதையை அளந்து காட்டின மனுஷனோட திண்ணையை நான் அளக்கல.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பொம்மை ரயில் வாங்கச் சொல்லல. ஒரு டேப் வாங்குங்க, அம்பது ரூபா, நூறு ரூபாதான். உங்க தாத்தா பாட்டி வீட்டு வாசப்படி, திண்ணை, ஜன்னல், எதையாவது அளந்து எழுதி வைங்க. பக்கத்துல வயசானவங்க யாராவது இருந்தா, எழுதினதை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. அவங்க திருத்துவாங்க. திருத்தட்டும்.

கடைசியா ஒரு விஷயம். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியா கடலூருக்குக் கடலோர ரயில் பாதை வரும்னு 2000-களின் பிற்பகுதியிலிருந்து பேச்சு இருக்கு. வந்தா அது எங்க ஊர்ப்பக்கமாத்தான் போகணும். இன்னும் வரல. நிஜத்துல புதுச்சேரி ஸ்டேஷன்லேருந்து பிள்ளைச்சாவடி சுமார் 10 கிலோமீட்டர். என் பலகைக் கணக்குல 115 மீட்டர். மாடியறையிலிருந்து அளந்து பார்த்தேன், தெருமுனை டீக்கடை வருது. வேலை முடிஞ்சதும் சாயங்காலம் அங்கதான் போய் நிக்கிறேன்.

இப்ப ரயிலை ஒரு தடவை விடறேன், கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.