பழைய வெள்ளி ரூபாய் (சேகரிப்பில்)

இந்திய நாணயச் சேகரிப்பாளர்களில் பலர் இன்றைய நாணயங்களைவிடப் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயையே விரும்பித் தேடுகின்றனர். 1835 முதல் ஒரே தரத்தில் அச்சிடப்பட்ட இந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் வந்தது. உலோக மதிப்பு மட்டுமே இந்த விருப்பத்துக்குக் காரணமன்று. அச்சு வேலையின் நுணுக்கமும் அரிதாகிப்போன வரலாறும் அதைவிட வலுவான காரணங்கள்.

சிறந்த எடுத்துக்காட்டு 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் அங்கியிலிருந்த யானை, குட்டையான துதிக்கையால் பன்றிபோலத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. நாணயம் திரும்பப் பெறப்பட்டு, பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912-இல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி யானை திருத்தப்பட்டது. எஞ்சிய ‘பன்றி ரூபாய்’க்கு இன்றும் நல்ல விலை உண்டு. உருப்பெருக்கியில் இரண்டு ஆண்டுகளின் யானைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சேகரிப்பாளருக்குத் தனி இன்பம்.

புதிய நினைவு நாணயங்கள், குறிப்பாகப் புழக்கத்துக்கு வராமல் பெட்டியில் விற்கப்படுபவை, சேகரிப்பதற்கென்றே அச்சிடப்படுகின்றன. வாங்குவோர் அவற்றைப் பத்திரமாகவே வைப்பதால் அவை எளிதில் அரிதாவதில்லை. பழைய ரூபாயோ பல கைகள் மாறித் தேய்ந்தது; தேயாமல் தப்பியதற்கே மதிப்பு அதிகம். துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த மதிப்பு சரியும்.