ஒரு கட்டம், ஓர் எழுத்து: குறுக்கெழுத்து எப்போது அறிவு, எப்போது சூது?



முதலில் இரண்டு கேள்விகள். இடமிருந்து வலம்: நம் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய தஞ்சை மன்னர், 4 எழுத்து. மேலிருந்து கீழ்: 12 சேர்ந்தால் ஒரு கலம், 5 எழுத்து. இரண்டு விடைகளுக்கும் இரண்டாம் எழுத்து பொது.

களத்துமேட்டில் நெல் அளந்து பார்த்தவர்களுக்கு இரண்டாவது கேள்வி ஒரு நொடி வேலை. மரக்கால். அதன் இரண்டாம் எழுத்து 'ர'. அதை மேலே கொண்டுபோய் வைத்தால் மன்னர் பெயர் தானாக வந்துவிடும்: சரபோஜி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த பேரப்பிள்ளைக்கு மரக்கால் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சரபோஜி படித்திருக்கும். அது மன்னரிலிருந்து தொடங்கி மரக்காலுக்கு வந்து சேரும். வரும்போது இரண்டு செய்திகளும் சேர்ந்தே வரும். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்குச் சோறு போட்ட சத்திரம் அது, அங்கே பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்தது என்று பக்கத்தில் இருக்கும் தாத்தா சொல்லிவிடுவார்.

பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் காப்பியோடு குறுக்கெழுத்து போடுகிறேன். அதில் நான் கண்ட ரகசியம் இவ்வளவுதான்: தெரிந்த சொல் தெரியாத சொல்லுக்குக் கை கொடுக்கிறது. குறுக்கே வரும் எழுத்துதான் வாத்தியார். நாம் தப்பாக எழுதினால் அதுவே திருத்திவிடும்.

இந்த விளையாட்டுக்கு வயது நூற்றுக்குச் சற்று மேல். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு இணைப்பில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு கட்டம் போட்டார். அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சில் சொற்கள் இடம் மாறி 'கிராஸ்-வேர்ட்' ஆகிவிட்டது. மாறிய பெயரே நிலைத்தது. 1924இல் சைமன் அண்ட் சூஸ்டர் பதிப்பகம் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தை வெளியிட்டதும் அமெரிக்காவே பென்சிலும் கையுமாக அலைந்தது. அப்போது இதை வீண்வேலை என்று தலையங்கம் எழுதிக் கண்டித்த பத்திரிகை 'நியூயார்க் டைம்ஸ்'. அதே பத்திரிகை 1942 பிப்ரவரி 15 அன்று தானும் தொடங்கியது. லண்டன் 'டைம்ஸ்' 1930 பிப்ரவரி 1ஆம் தேதியே தொடங்கிவிட்டது.

தமிழுக்கு வந்தபோது ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். நமக்கு 247. ஒரு கட்டத்தில் உயிர்மெய் முழுதாக உட்கார வேண்டும். 'ர' வேறு, 'ர்' வேறு, 'ரா' வேறு. 'கதிர்' என்ற சொல்லைக் கொண்டு சரபோஜியைக் குறுக்கே பிடிக்க முடியாது. அதனால்தான் நம் பத்திரிகைகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்களை ஓடவிடுகிறார்கள். கட்டம் அமைப்பவருக்கு இது பெரும்பாடு. போடுகிறவருக்கு லாபம்: 247இல் ஓர் எழுத்து உறுதியானால் கிடைக்கும் துப்பு, 26இல் ஒன்று உறுதியானால் கிடைப்பதைவிடப் பெரிது.

இனி கதையின் கசப்பான பக்கம்.

1930களிலிருந்து 1950கள் வரை நம் நாட்டில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் கொடிகட்டிப் பறந்தன. ஆனந்த விகடன் உட்படத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அவை வந்தன. பெரிய தொகைக்குப் போட்டி நடத்துவதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் உண்டு. நுழைவுக் கட்டணம் கட்டிப் படிவம் அனுப்ப வேண்டும்.

சூட்சுமம் எங்கே என்று பாருங்கள். நானே ஒரு குறிப்பு எழுதிக் காட்டுகிறேன். "இது உள்ளவன் சொல் சபையில் ஏறும்", 3 எழுத்து: ப, ஒரு காலிக் கட்டம், ம். பணமா? பலமா? இரண்டும் பொருந்தும். அந்த நடுக் கட்டத்தில் குறுக்கே வேறு சொல் ஓடினால் சந்தேகம் தீர்ந்துவிடும். பரிசுப் போட்டியில் அந்த இடத்தில் குறுக்கே எதுவும் ஓடாது. வாத்தியாரை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லலாம். எது சரி என்பது நடத்துகிறவர் முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு ஒட்டிவைத்த விடைக்குத்தான் வெளிச்சம்.

இப்படி 10 கட்டங்களில் இரண்டிரண்டு வாய்ப்பு இருந்தால் மொத்தம் எத்தனை விதம்? கணக்கில் பயந்தவர்களும் போட்டுப் பாருங்கள். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. ஒரு படிவத்துக்கு நாலணா என்று வைத்துக்கொண்டால் எல்லா விதத்தையும் அனுப்ப 256 ரூபாய். அந்தக் காலத்து 256 ரூபாய்!

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் பெரியப்பா தமிழ் நன்கு படித்தவர். நிகண்டு மனப்பாடம். அந்தப் படிப்பை நம்பித்தான் போட்டியில் இறங்கினார். வாரத்துக்கு ஒரு படிவம் நாளடைவில் பத்து, இருபது ஆனது. குறுவை நெல் விற்ற காசு போஸ்டல் ஆர்டராகப் போனது. எந்தப் பத்திரிகை என்பது இப்போது வேண்டாம். பல வருஷத்தில் வந்தது ஒரே ஒரு ஆறுதல் பரிசு. "தமிழ் தெரிந்ததால்தான் அண்ணன் மாட்டிக்கொண்டார். தெரியாதவனாக இருந்தால் சூது என்று அப்போதே ஒதுங்கியிருப்பான்" என்று அப்பா சொல்வார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

நாடு முழுக்க இப்படிப் பல வீடுகள். கடைசியில் 1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டு வந்த சட்டம் அது. கேட்ட மாநிலங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. சட்டத்தின் விளக்கப் பகுதியிலேயே குறுக்கெழுத்துப் போட்டி என்ற பெயர் இருக்கிறது. ஒரு மாதத்தில் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு 2000 படிவங்களுக்கு மேல் வாங்கக் கூடாது, உரிமம் வேண்டும் என்றது சட்டம்.

போட்டி நடத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா என்பவரின் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1957 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு. சூதாட்டம் என்பது அரசியல் சட்டம் பாதுகாக்கும் தொழிலோ வணிகமோ ஆகாது. ஆனால் திறமையால் வெல்லக்கூடிய போட்டிகள் வேறு, அவற்றை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. இப்படிக் கோடு கிழித்தது நீதிமன்றம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய தீர்ப்பை எழுதிய நீதிபதி யார் தெரியுமா? டி.எல். வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் பெரிய வித்வான், 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். இதுவே ஒரு நல்ல குறுக்கெழுத்துக் கேள்வி.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 1967இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் நம் மாநில அரசோடு நடத்திய வழக்கு வரை "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற கேள்வியே ஓடியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்தக் கோட்டையே தாண்டிவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை.

சட்டம் எப்படியும் மாறும். நீங்கள் எல்லாரும் இப்போது பிள்ளைகளைப் பெற்றவர்கள். "இது மூளைக்கு வேலை அப்பா, சூது இல்லை" என்று பிள்ளை போனைக் காட்டும்போது என்ன செய்வது? நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். தப்பு செய்தால் அது தப்பு என்று அந்த ஆட்டத்துக்குள்ளேயே தெரிகிறதா? தெரிந்தபின் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா? இருந்தால் அது பாடம். தப்புக்கு மருந்து இன்னொரு முறை பணம் கட்டுவதுதான் என்றால், அது பெரியப்பாவின் படிவம்.

காசில்லாத குறுக்கெழுத்து ஒன்றோடு முடிக்கிறேன்.

இடமிருந்து வலம்: மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்த சென்னை மாகாண ஆளுநர், 4 எழுத்து. (1934இல் திறந்த இந்த அணைத் திட்டத்தில்தான் நம் புது ஆறும் வெட்டப்பட்டது.)

மேலிருந்து கீழ்: ராஜகோபாலசுவாமி கோயில் கொண்டிருக்கும் நம் பக்கத்து ஊர், 6 எழுத்து.

முதல் விடையின் மூன்றாம் எழுத்துதான் இரண்டாவது விடையின் இரண்டாம் எழுத்து. போனில் தேடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். விடையை எழுதும்போது எந்த வருஷ பேட்ச் என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு முகம் நினைவுக்கு வரும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஒரத்தநாடு.