வீட்டுக்குள் வருவதும் வெளியே போவதும்



கடந்த போகியன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நம் பின்பக்கக் கேட் அருகே எரிந்த குவியலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் புகை வந்து சேர்ந்திருக்கும். ஒரு கோரைப்பாய், இரண்டு துடைப்பம். அதுவரை சரி. அதற்கு மேல் ரெக்சின் பை, பிளாஸ்டிக் நாற்காலியின் உடைந்த கால், தெர்மாகோல், ஒரு சைக்கிள் டயர். சுற்றி நின்றவர்களில் நானும் ஒருவன். டயரை நான் போடவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று காலை மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. இரண்டு நாளில் திரும்பிவிட்டார். ஆனால் அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டில் பானை ஏறவில்லை.

"காலங்காலமாகச் செய்வதுதானே" என்று அன்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையிலேயே காலங்காலமாக இதைத்தான் செய்தோமா? அந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தேன். அது போகியோடு நிற்காமல் அடுப்படிக்கும் குளியலறைக்கும் இழுத்துக்கொண்டு போனது. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எரிந்தால் சாம்பலாகும் வீடு

நம் கொள்ளுப்பாட்டி காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். கோரைப்பாய், பனையோலை விசிறி, மூங்கில் முறம், தென்னந்துடைப்பம், மண்பானை, பருத்தித் துணி. பித்தளையும் வெண்கலமும் பரண்மேல் இருக்கும். அவை தலைமுறைக்கும் உழைப்பவை. நெளிந்தால் பாத்திரக்காரர் ஒட்டுப்போட்டுத் தருவார். மற்றவை எல்லாம் ஓரிரு வருடத்தில் நைந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப்பாயும் புதுப்பானையும் வாங்குவதுதான் போகி. நைந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்தால் மிஞ்சுவது ஒரு கூடைச் சாம்பல். அதுவும் தென்னைக்கோ பாத்திரம் தேய்க்கவோ போய்விடும்.

போகி என்றாலே தீ என்று நாம் நினைக்கிறோம். கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து வந்து நம் குடியிருப்பில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஊரில் அன்றைக்குக் காப்புக் கட்டுதான் முக்கியம். வீட்டைச் சுத்தம் செய்து, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் தோட்டத்திலும் செருகுவார்கள். ஆக, பழையதை வெளியேற்றுவதுதான் இந்த நாளின் பொது வழக்கம். அதற்குத் தீ என்பது ஒரு வழி மட்டுமே.

பாயின் இடத்தில் ரெக்சினும், முறத்தின் இடத்தில் பிளாஸ்டிக்கும் வந்த பிறகும் நாம் தீயை மட்டும் மாற்றவில்லை. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து, விமானங்கள் இறங்க முடியாத அளவுக்கு மூடிக்கொண்டது நினைவிருக்கலாம். அன்று எரிந்தவற்றில் கோரைப்பாய் எத்தனை இருந்திருக்கும்?

அன்றாடம் வந்த காய்

அடுத்து அடுப்படி. திருக்குறளின் 95-ஆவது அதிகாரத்துக்குப் பெயர் 'மருந்து'. அதன் பத்துக் குறள்களிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்பு உண்டது செரித்ததா, பசிக்கிறதா, அளவு எவ்வளவு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலும் பேச்சு.

அந்த அளவைப் பழைய வீட்டில் யாரும் தனியாகக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வாங்கிய கீரை சாயங்காலத்துக்குள் வாடிவிடும். எனவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் கூடைக்காரம்மாவிடம் வாங்கினார்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. வெயில் காலத்தில் மலிவாகக் கிடைத்த சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வற்றலாகி, மழைக்காலத்துக்குக் குழம்பாகும். வீட்டில் பண்டம் தேங்குவதற்கு இடமே இல்லை.

குளிர்ச்சி நம் ஊருக்கு வந்த கதை வேடிக்கையானது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிரெடரிக் டூடர் என்பவரின் நிறுவனம் அதைச் சேமிக்கக் கட்டிய இடம்தான் மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ். பின்னாளில் 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் சாதாரண வீடுகளை எட்டவில்லை. 1958-இல் கோத்ரெஜ் இந்தியாவில் ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கிய பிறகும், அது நடுத்தரக் குடும்பங்களின் சமையலறைக்கு வரப் பல வருடங்கள் ஆயின.

ஃப்ரிட்ஜை நான் குறை சொல்லவில்லை. பாலும் மருந்தும் கெடாமல் இருக்கிறதே, அதுவே பெரிய காரியம். ஆனால் வாடிவிடுமே என்ற பயம் போனதும் அளவும் போய்விட்டது. உங்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை இன்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பாதி எலுமிச்சை, எப்போது வாங்கியது என்று தெரியாத பீட்ரூட், கவரோடு அழுகிய கொத்துமல்லி. எங்கள் வீட்டில் மூன்றும் இருந்தன.

விளையும் இடமும் விலகிப்போனது. ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் இருந்த காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. தோட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவே எத்தனையோ கைகள். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விவசாயியே கொண்டுவந்து, இடைத்தரகர் இல்லாமல் விற்கும் ஏற்பாடு. விலைப்பலகை ஒருபுறம் இருக்கட்டும். அங்கே வாங்கியவர்களுக்குத் தெரியும், முந்தின நாள் பறித்த வெண்டைக்காயை முனை ஒடித்தால் வரும் சத்தம்.

துவர், சீயக்காய், பாக்கெட்

குளியலுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கோவலனின் ஊடலைத் தீர்ப்பதற்காக மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, 32 வகை ஓமாலிகை ஊறிய நீரில் அவள் குளித்ததாக இளங்கோவடிகள் கணக்கே கொடுக்கிறார். அது செல்வம் படைத்தவளின் குளியல். எளிய வீட்டில் தலைக்கு நல்லெண்ணெய், அதைப் போக்கச் சீயக்காய் அல்லது அரப்பு, உடம்புக்குப் பச்சைப்பயறு மாவு. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் நுரைத்து எண்ணெயை இழுத்துக்கொள்வது அதுதான்.

இங்கிலாந்திலிருந்து சன்லைட் சோப்பு 1888-இல் கொல்கத்தாவில் வந்து இறங்கியது. 1895-இல் லைஃப்பாய். 1916-இல் மைசூர் அரசு பெங்களூரில் தன் சோப்பு ஆலையைத் தொடங்கி, சந்தன எண்ணெயைச் சோப்பில் சேர்த்தது. நம் சென்னையிலேயே ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன் 1969-இல் மூலிகைச் சோப்பு ஒன்றைச் செய்தார். அதுதான் மெடிமிக்ஸ்.

ஷாம்பு என்ற சொல் நம் நாட்டிலிருந்து போனது என்பது தெரியுமா? இந்தியில் 'சாம்போ' என்றால் அழுத்திப் பிடித்துவிடு என்று பொருள். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் நடத்தி, ஆவிக்குளியலோடு உடம்பு பிடித்துவிடுவதை அங்கே பிரபலமாக்கினார். பிடித்துவிடுவதற்கு இருந்த பெயர் பிறகு தலைக்குத் தேய்க்கும் திரவத்துக்கு ஆனது.

அந்தத் திரவத்தை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனவர்கள் கடலூர்க்காரர்கள். பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஒருமுறைக்கு வேண்டியதை வாங்கட்டும் என்று, சின்னி கிருஷ்ணன் என்பவர் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு கிராமத்துப் பெட்டிக்கடை வரை தோரணமாகத் தொங்கியது. தலைக்குளியலுக்குச் சீயக்காய் இடிக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம். தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேசக்கூடாது.

ஆனால் அந்தப் பாக்கெட் மட்கவில்லை. பல அடுக்குப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வதும் கடினம். காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள். பிறகு சீயக்காய்ப் பொடியும் அதே போன்ற பாக்கெட்டில் வந்தது. உள்ளே இருப்பது பழையது, உறை புதிது.

'வெளியே' என்பது எங்கே?

மூன்று கதைகளும் சேரும் இடம் இதுதான். நம் முன்னோர் நம்மைவிட அறிவாளிகள், அதனால் சுத்தமாக, சுகமாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டுக்குள் வந்த பொருள்கள் தாமாகவே வெளியே போகும் தன்மை கொண்டவை. காய் வாடியது, மாவு தீர்ந்தது, பாய் மண்ணானது. நம்மிடம் வருபவை தாமாகப் போவதில்லை. ஆனால் நாம் வாங்குவதும் வெளியே தள்ளுவதும் இன்னும் அந்தப் பழைய வீட்டில் இருப்பது போலவே நடக்கிறது.

சென்னையில் வீட்டுக்கு வெளியே போனது பெரும்பாலும் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேர்ந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாம் தூக்கிப்போட்டது புகையாகத் திரும்பி வந்தது. பின்பக்கக் கேட் அருகே நாங்கள் செய்ததும் அதேதான், சின்ன அளவில்.

இந்தப் போகிக்கு

போகிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான்.

முதலில் பரண். ஒரே நாளில் முழு வீட்டையும் கவிழ்க்க வேண்டாம். வாரம் ஒரு அலமாரி போதும். எடுத்ததை மூன்றாகப் பிரியுங்கள்: யாராவது பயன்படுத்தக்கூடியது, பழைய பேப்பர்காரர் எடுக்கக்கூடியது, இரண்டும் இல்லாதது. மூன்றாவது குவியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடுத்த வருடம் எதை வாங்கக் கூடாது என்பதற்கான பட்டியல் அதுதான். முக்கியமாக, எடுத்ததைப் படிக்கட்டில் வைக்காதீர்கள். தீ விபத்து என்று வந்தால் நாம் எல்லோரும் இறங்க வேண்டிய வழி அது ஒன்றுதான்.

இரண்டாவது அடுப்படி. புதிதாகக் காய் வாங்கப் போகும் முன் கீழ்த்தட்டில் இருப்பதைக் கூட்டாகவோ குழம்பாகவோ ஆக்கிவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மட்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன. நம் குடியிருப்பு எவ்வளவு பெரியதானாலும், காய்கறித் தோலை மண்ணாக்க ஒரு தொட்டியும் கொஞ்சம் காய்ந்த இலையும் போதும்.

மூன்றாவது குளியல். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். நன்றாகக் காயவைத்து, ஒரு மாதத்துக்கு மட்டும் அரைத்து, ஈரக்கை படாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். இயற்கையானது என்பதாலேயே எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பாருங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும். தோலில் ஏற்கெனவே தடிப்போ புண்ணோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்த முறை தீ வேண்டாம், அதற்குப் பதில் போகி வாரத்தில் பார்ட்டி ஹாலில் பொருள்களைப் பிரித்து வாங்கிக்கொள்ளும் மேசை போடலாம் என்று செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொங்கு நாட்டுக் குடும்பங்கள் காப்புக் கட்டச் சொல்லித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சிறுபறை கொட்ட மைதானம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இது பேசப்படும். நேரில் வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், எதிர்க்கருத்தானாலும் சரி.

சென்ற வாரம் லிஃப்டில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கு நடந்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். "பாய் எரியற வாசனை எனக்கும் பிடிக்கும்ப்பா. எங்க ஊர்ல அதுதான் போகி. டயர்தான் ஆகலை" என்றார். இந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டிலும் பானை ஏறட்டும்.