பிரசவ வைத்தியமும் முகப்பூச்சும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர் என்பதைப் பலரும் அறிவர். அவ்வரிசையில் 1857இல் வந்தது மோன்செல் என்பாரின் 'பிரசவ வைத்தியம்'. தாய்மொழியில் கற்றவர்கள் தம் ஊர்மக்களிடையே தங்கித் தொழில் செய்வார்கள் என்பது கிறீனின் நம்பிக்கை.

அக்கால மேலை மருத்துவம் குறையற்றதன்று. கலோமெல் என்னும் பாதரச உப்பை மருத்துவர்கள் தாராளமாகக் கொடுத்தனர். நம் சித்த மருத்துவத்தின் பூரமும் பாதரசச் சரக்கே. இன்று அதே கலோமெல் சில வெண்மைப் பூச்சுகளில் ஒளிந்திருக்கிறது. தோலில் கருநிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, முகம் வெளுக்கிறது.

பிள்ளைத்தாய்ச்சியின் கன்னத்தில் மங்கு படர்வது இயல்பு. பேற்றுக்குப் பின் பெரும்பாலும் அது தானே குறையும். அதற்கு அஞ்சி இத்தகைய பூச்சை நாடினால், பாதரசம் தோல்வழியே குருதியில் கலந்து தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் நரம்பு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும்.

பாதரசத்துக்கெதிரான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் நிறைவேறியது. இலங்கை 2017இல் இணைந்தது. அழகுசாதனங்களில் 10 இலட்சத்தில் ஒரு பங்குவரை அது முதலில் விட்டுவைத்திருந்தது. 2023 ஜெனீவா மாநாடு அந்தச் சலுகையையும் நீக்கி, 2025க்குப் பின் முழுத் தடை என்றது. எனினும் சட்டம் சந்தையை எட்டுமுன் பூச்சு பெண்ணின் கையை எட்டிவிடுகிறது.

இதில் எனக்கும் பங்குண்டு. நான் பணியாற்றிய நாளிதழில் சிவப்பழகு விளம்பரங்கள் வராத வாரமில்லை. அவற்றில் என்ன கலந்திருக்கிறதென்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

ஆகவே, தாயாகப் போகும் பெண்களுக்குச் சில சொற்கள். உள்ளடக்கம் எழுதப்படாத பூச்சையும், வாசிக்க இயலாத மொழியில் எழுதப்பட்ட பூச்சையும் தொடாதீர்கள். கலோமெல், மெர்க்குரி, மெர்க்குரியோ என்பன பாதரசத்தின் பெயர்கள். ரெற்றினோயிட், ஹைட்ரோகுயினோன் கலந்தவற்றையும் பேறுவரை விலக்குங்கள். வெயிலுக்குக் குடையும் துத்தநாக ஒக்சைட் பூச்சும் போதும். ஐயமெனில் குடும்பநல மருத்துவமாதுவைக் கேளுங்கள்.

பேற்று மருத்துவத்தை 1857இலேயே தமிழில் வாசித்த மண் இது. அம்மண்ணில் ஒரு தாய், தன் முகத்தில் பூசுவது இன்னதென்று தமிழில் அறிய முடியாதிருப்பது நமக்குப் பெருமையன்று.