கணக்கை முடித்த சங்கம்

ஒரு சங்கம் தோன்றிய கதையைச் சரித்திர நூல்கள் விரிவாக எழுதும். அது முடிந்த கதையைப் பெரும்பாலும் ஒரே வரியில் கூறிவிடும். இன்று நான் சொல்லப் போவது ஒரு சங்கம் முடிந்த ஆண்டின் வரலாறு.

இதனை நான் முதன்முதலாக எடுத்துரைத்தது வகுப்பறையில் அன்று. ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக நான் இருந்தபோது, எங்கள் பழைய மாணவர்கள் நடத்திவந்த கபடிக் குழு கலைய நேர்ந்தது. பிழைப்பை நாடி இளைஞர்கள் மலையிறங்கிச் சென்றுவிட்டனர். கையிருப்பாகச் சில ஆயிரம் ரூபாய் எஞ்சியது. பங்கிட்டுக்கொள்ளலாம் என்றனர் சிலர்; ஆட்டுக்கறி விருந்து வைத்துவிடலாம் என்றனர் வேறு சிலர். வழக்கு என்னிடம் வந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கல்கத்தாவின் கதையைச் சொன்னேன்.

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் இங்கிலாந்து நாட்டவர் ஒருபுறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மறுபுறமுமாக நின்று ரக்பி ஆடினர். ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதில் நம் கபடிக்கு அது ஒருவகையில் உறவு. அடுத்த மாதமே, 1873 ஜனவரியில், கல்கத்தா கால்பந்துக் கழகம் நிறுவப்பட்டது. பெயர் கால்பந்தாயினும் அது ஆடியது ரக்பியே. ஓராண்டுக்குள் உறுப்பினர் தொகை 137 ஆயிற்று. 1874இல் கழகம் இங்கிலாந்தின் ரக்பி சங்கத்திலும் சேர்ந்தது.

ஆனால் வளர்ந்த வேகத்திலேயே தேய்வும் வந்தது. வங்காளத்து வெயில் அவ்வாட்டத்துக்கு ஏற்றதாக இல்லை. ஆட்டக்காரர்களை அளித்த படைப்பிரிவு ஊரைவிட்டு மாறிச் சென்றது. டென்னிசும் போலோவும் இளைஞர்களைத் தம்பால் இழுத்தன. கழகத்தில் இலவசமாக வழங்கிவந்த மதுவை நிறுத்தியதும் உறுப்பினர் பலர் விலகினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1877ஆம் ஆண்டின் இறுதியில் எஞ்சியிருந்தவை சில உறுப்பினர்களும் வங்கியில் கொஞ்சம் பணமுமே. கழகத்தின் தலைவர், காரியதரிசி, பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் தாமே தாங்கிய ஜேம்ஸ் ராத்னி, டிசம்பர் 20ஆம் நாள் இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எஞ்சிய நிதியைக் கொண்டு இந்தியக் கைவினைஞர் வேலைப்பாட்டில் ஒரு கோப்பை செய்தளித்தால், ஆட்டத்துக்கு நிலையான நன்மையும் கழகத்துக்கு ஒரு நினைவும் உண்டாகும் என்பது அவர் கருத்து. சங்கம் இசைந்தது.

வங்கியிலிருந்து 270 வெள்ளி ரூபாய் எடுத்து உருக்கினார்கள். அக்கால ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. ஆகவே மொத்தம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும், மூடியின்மேல் ஒரு யானையுமாக, ஏறத்தாழ 18 அங்குல உயரத்தில் கோப்பை அமைந்தது. 1879 மார்ச் 10ஆம் நாள் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக முதன்முறை மோதின. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இன்றும் அவ்விரு நாடுகளும் ஆண்டுதோறும் கல்கத்தாக் கோப்பைக்காகவே ஆடுகின்றன.

சரித்திரம் பயில்வோர் இங்கே நின்றுவிடலாகாது. அதே 1877இல் நம் நாடு எந்நிலையில் இருந்தது? நம் பாட்டனார் தாது வருஷப் பஞ்சம் என்று அஞ்சிப் பேசியது அப்போதுதான். ஜவ்வாது மலையைச் சூழ்ந்த வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்கள் உட்படச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி வாடிற்று; இலட்சோப இலட்சம் பேர் மாண்டனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த திட்டப்படி, நிவாரண வேலை செய்த ஆண் ஒருவனுக்கு நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். 270 ரூபாய் என்பது 4,320 அணா. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆளும் இனத்தாரின் ஆடுகளமும் பசித்தவர்களின் கல்லுடைக்கும் களமும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. ராத்னியின் நேர்மையைப் போற்றும்போது இதனையும் உடன் எண்ணுவதே நடுவுநிலைமை.

இவ்விரண்டையும் கேட்ட எங்கள் மலையூர் இளைஞர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர்களுள் மூத்தவன், “ஐயா, கோப்பை வேண்டாம், நாலு பிள்ளைகளுக்கு உதவுகிற பொருளாக இருக்கட்டும்” என்றான். பள்ளிக்கு ஒரு கைப்பந்து வலையும் இரண்டு பந்துகளும் வாங்கினார்கள். மீதிப் பணத்துக்கு விடுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிப் போர்வைகள் வந்தன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வரவு, செலவு, இருப்பு இல்லை என்று எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டனர்.

அந்த வலை இதற்குள் கிழிந்திருக்கும். குறிப்பேடு மட்டும் என்னிடம் உள்ளது. நீங்கள் நாளை எத்தனையோ சங்கங்களில் பொறுப்பேற்பீர்கள். சில உங்கள் கையிலேயே முடியவும் கூடும். அந்நாளில் கடைசிப் பக்கத்தைக் கூசாமல் பிறருக்குக் காட்டும்படி எழுதுங்கள்.